எடைக்கு வாங்கியது

பேட்டை ரயில்வே கேட் தாண்டி
மசூது பாயின் பழைய இரும்புக் கடையில்
பம்ப்செட் வால்வுகளுக்கு நடுவே கிடந்தது.
பித்தளைதானா என்று தட்டிப் பார்த்துத்
தராசில் போட்டார்.
கண்ணாடிக்கு எடை கழிக்கணும் என்றேன்.
"கண்ணாடிக்காவத்தானம்மா வாங்குதீய,
அதையே கழிக்கச் சொல்லுதீய?"
கழிக்கவில்லை.

தோலுறை உரிந்த இடத்தில்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு.
பக்கத்தில், கோழி மிதித்த தடம்போல் மூன்று கோடு.
பட்டாளத்துச் சொத்து என்று பொருளாம்.
எந்த மலையில் யாரைப் பார்த்தது என்று
அதில் எழுதியிருக்கவில்லை.

நான்கு ஞாயிறு போயிற்று.
கிரீஸ் கருப்பட்டிப் பாகாய் இறுகி
இரண்டாம் குழல் மூன்றாவதை விடமாட்டேன் என்றது.
மண்ணெண்ணெய், பிறகு கெட்ட வார்த்தை,
பிறகு எதிர்வீட்டு யூஜினின் ஹேர் டிரையர்.
வளையத்தைத் திருக சைக்கிள் டியூபில் ஒரு துண்டு.
முன்கண்ணாடி கழன்று உள்ளங்கையில் விழுந்தபோது
அதன்மேல் பூஞ்சை கிளைகிளையாய் ஓடியிருந்தது,
கடனாவும் மணிமுத்தாறும் சிற்றாறும்
வந்து சேரும் ஆற்றுப் படம் மாதிரி.
அழகாகத்தான் இருந்தது.
துடைத்தேன்.

அது இரட்டைக் கண்ணாடி.
இடையில் பசை மஞ்சளித்து
ஓரமெல்லாம் மீன்செதில் மினுக்கம்.
வெந்நீரில் பிரிக்குமுன்
விளிம்பில் பென்சில் கோடு போடவேண்டும்,
திரும்பச் சேர்க்கையில் ஜோடி மாறித் திரும்பாமலிருக்க.
போடப் போனால்
ஏற்கெனவே கோடு இருக்கிறது.
எனக்கு முன் எவனோ பிரித்திருக்கிறான்.
இதன் கோடும் அதன் கோடும்
அரை நெல் விலகி நின்றன.
என்ன அவசரமோ. இருட்டோ. கை நடுக்கமோ.
அவன் நினைத்த இடத்திலேயே நேராக்கி வைத்தேன்.

ஒட்டித் தந்தது வண்ணார்பேட்டையில்
செல்போன் திரை ஒட்டும் பையன்,
ஊதா விளக்கின் அடியில், இருபது ரூபாய்க்கு.
ஒரு குமிழி உள்ளே நின்றுவிட்டது.
"பாக்கையில தெரியாதுக்கா" என்றான்.
உண்மைதான், தெரிவதில்லை.
இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

பணகுடியில் என் வேலை
காத்தாடி இறக்கைகளில் விரிசல் தேடுவது.
கம்பெனி தந்த ட்ரோன் முந்தாநாள் ஆனிக் காற்றில் போய்ப்
பனங்கொண்டையில் சிக்கிக்கொண்டது.
இன்று காற்று கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.
பைக் சீட்டில் மணல்மூட்டை,
மணல்மூட்டையில் குழல்,
குழலில் கண்.
நாற்பத்தேழாம் காத்தாடி, மூன்றாம் இறக்கை:
விரிசலா?
குழலை ஒரு மயிரிழை உள்ளே தள்ளினேன்.
செத்த பூச்சிகளின் வரிசை.

அப்படியே மேலே போனபோது
உச்சியில் சுயம்பு.
இடுப்பில் கயிறு, ஹெல்மெட் மடியில்.
அவித்த முட்டையை உரித்து
ஓட்டைக் காற்றில் விட்டான்.
பிறகு எழுந்து நின்றான்.
யாரோ எதிரே நிற்பதுபோல் பேச ஆரம்பித்தான்.
நிறுத்தினான். தலையை ஆட்டிக்கொண்டான்.
முதலிலிருந்து மறுபடி,
இம்முறை இரண்டு கையையும் விரித்து.
உதட்டோர வெள்ளைக்கரு வரைக்கும் தெரிந்தது.

இதற்காகத்தான் செய்திருக்கிறார்கள் இதை,
தன்னை ஒருவர் பார்ப்பதை
அறியாத ஒருவனைப் பார்ப்பதற்கு.
குழலை மகேந்திரகிரிப் பக்கம் திருப்பினேன்.
அங்கே ஒரு பாறையும் கொஞ்சம் மேகமும்.
தேவையில்லாமல் வெகு துல்லியமாக.

இறங்கி வந்து, கையுறையைக் கழற்றி,
மறுபடி போட்டுக்கொண்டு,
"அக்கா, ஒரு மூணு நாள் லீவு" என்றான்.
முடிக்குமுன் எடுத்துக்கோ என்று
சொல்லியிருக்கலாம்.
தெரியாத முகத்தோடு கடைசிவரை கேட்டேன்.
மேலே கையை விரித்துச் சொன்னானே,
அந்தப் பகுதி
வரவேயில்லை.